கூண்டு ஒழுகலையாம், ஊறுதாம்

பிக்கப் வண்டிக்குக் கூண்டு பூட்டும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது கூப்பிட்டவர்களுக்கும் தெரியும். எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்குவது, கிளாம்ப்பை எங்கே கடிக்க வைப்பது என்பதையெல்லாம் கடையில் பார்த்துப் பார்த்தே படித்துக்கொள்வீர்கள். அதற்கு நான் வேண்டியதில்லை. கையில் எல்லாச் சாமானும் இருந்தும், எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்கிற ஒரு நேரம் வரும். எதிரே வண்டிக்காரர் கத்திக்கொண்டிருப்பார். அந்த நேரத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

கேனோபி என்று சொன்னால் நம்மூரில் பாதிப் பேருக்குப் புரியாது. நமக்கு அது கூண்டு. வண்டியின் பின்தொட்டிக்கு மேலே கவிழ்க்கிற ஃபைபர் கூண்டு. மற்ற ஊர்க்காரன் இதைப் பூட்டினால் மறுவாரமே மழை பெய்து அவன் லட்சணத்தைக் காட்டிவிடும். நமக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அருப்புக்கோட்டையில் தை மாதம் பூட்டிய கூண்டுக்குப் புரட்டாசியில்தான் பரீட்சை. அதுவரைக்கும் எல்லாக் கூண்டும் நல்ல கூண்டு, எல்லா ஃபிட்டரும் கெட்டிக்காரன்.

நடுவில் நமக்குத் துப்புச் சொல்வது புழுதி ஒன்றுதான். கரிசல் புழுதி மாவு போல நைஸாக இருக்கும். எந்தச் சந்தில் நுழைந்தாலும் உள்பக்கச் சுவரில் நாக்கை நீட்டியது போல ஒரு மங்கல் கோட்டை விட்டுவிட்டுத்தான் உட்காரும். கூண்டின் பின்கதவைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு அந்தக் கோடுகளைப் பார்த்தேனென்றால், மழையே பெய்யாத மாதத்திலும் தண்ணீர் வரப்போகிற இடத்தை என்னால் தொட்டுக் காட்ட முடியும். ஜோசியம் பார்க்கிறான் என்று கேலி செய்வார்கள். நான் தொட்டுக் காட்டிய இடம் தப்பியதில்லை. நீங்களும் இதைப் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் இதையே நம்பி இருந்துவிடாதீர்கள். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால், புரட்டாசி பிறந்து கொஞ்ச நாளில், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். நம் கடை அப்போது பாளையம்பட்டியில், பைபாஸ் திரும்புகிற இடத்தில் இருந்தது. கூண்டு போட்ட ஒரு பிக்கப் வேகமாக உள்ளே வந்து, ஷெட்டுக்குக் கீழே மூக்கை நுழைத்து நின்றது. ஓட்டி வந்தது ஒரு பெண். சோலையம்மாள் என்று பெயர். திருச்சுழியைத் தாண்டி நரிக்குடி போகிற பாதையில் ஊர். அந்த ஊர்ப் பெண்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, பழைய வண்டி ஒன்றைக் கூண்டோடு வாங்கியிருந்தார்கள். ஓட்டக் கற்றுக்கொண்டது சோலையம்மாள்தான். நாற்பது வயது இருக்கும். கண்ணாடியில் பார்த்து ரிவர்ஸ் எடுப்பதில் நம் கடை ஆட்களைவிடச் சுத்தம்.

இறங்கியவள் வணக்கம் சொல்லவில்லை, யார் முதலாளி என்று கேட்கவும் இல்லை.

"அண்ணே, ஒழுகுது. சந்து அடைக்கிற பேஸ்ட் இருக்குறதை எல்லாம் எடுத்து அப்பி விடுங்க. நான் கெளம்பணும்."

உள்ளே என்ன லோடு என்று கேட்டேன். விதை என்றாள். உளுந்தும் சோளமும். பந்தல்குடிக்குத் தெற்கே ஒரு விவசாயியிடம் சொல்லிவைத்து, பொறுக்கி எடுத்து, வண்டி நிறைய ஏற்றி வருகிறாள். பந்தல்குடி தாண்டும்போது ஒரு மழை பிடித்திருக்கிறது. அருப்புக்கோட்டைக்குள் வந்ததும் சந்தேகப்பட்டுப் பின்கதவைத் திறந்து பார்த்தால், ஓரத்து மூட்டைகள் ஈரம்.

நிலைமை என்ன என்று அவள் சொன்னதைக் கேட்டபோது எனக்குச் சாப்பாட்டு நினைப்பே போய்விட்டது. அதற்கு முந்தின வருடம் அவர்கள் பக்கம் மழை ஏமாற்றிவிட்டது. விதைக்கென்று பானையில் வைத்திருந்ததையும் எடுத்துத் தின்று தீர்த்திருக்கிறார்கள். ஊரில் யார் வீட்டிலும் ஒரு படி விதை கிடையாது. இந்த வருடம் முதல் மழை நன்றாக இறங்கி, உழவு முடிந்து, மண் பதமாகக் காத்திருக்கிறது. மறுநாள் காலை விதைத்தாக வேண்டும். மானாவாரி நிலத்தில் அந்தப் பதத்தை விட்டால் விட்டதுதான். அடுத்த மழையை நம்பிக் காத்திருக்க முடியாது. இந்த மூட்டைகள் நனைந்து உப்பிவிட்டால் வேறு விதை தேடிப்போக இடமும் இல்லை, நேரமும் இல்லை. எங்கே போய் வாங்குவது என்று முடிவு செய்தது அவள், தரத்துக்கு வாக்குக் கொடுத்தது அவள், வண்டியை ஓட்டி வந்ததும் அவள். கிழக்கே வானம் கருகருவென்று திரண்டு நின்றது. அவள் போக வேண்டிய திசையும் கிழக்குதான்.

அப்போது நம் கடைக்குப் பக்கத்தில் காதர் பாய் வண்டிக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். வளைகுடாவில் பல வருடம் இதே கூண்டு வேலை பார்த்துவிட்டு வந்தவர். எனக்கும் அவருக்கும் ஒரே வயது, ஒரே வாய். ஒரு நாள் சண்டை போடாவிட்டால் அன்றைக்கு இருவருக்குமே டீ இறங்காது. சத்தம் கேட்டு அவரும் வந்துவிட்டார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"ஏலே, வாய் பாத்துக்கிட்டு நிக்காத. சுத்தி ஒரு ட்யூப் பேஸ்ட்டை இழுத்து விடுவோம். அந்தப் புள்ள போகட்டும்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். வாடிக்கையாளர் கேட்கிறார், பக்கத்தில் நிற்கிறவர் சொல்கிறார், கையில் பேஸ்ட் இருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு நின்றால் சோம்பேறி என்று நினைப்பார்கள். ஆனால் ஈர விளிம்பில், கரிசல் அப்பிய ஃபைபரில், பேஸ்ட் ஒட்டாது. ஒட்டினாலும் காய்வதற்கு மழை நேரம் கொடுக்காது. அதெல்லாம் கூடப் பிறகுதான். தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரியாமல் அடைத்தால், வருகிற வழியைத் திறந்து விட்டுவிட்டுப் போகிற வழியை அடைத்துவைப்பீர்கள். அப்புறம் தொட்டி தொட்டியாகவே ஆகிவிடும், மீன் வளர்க்கலாம்.

நான் பின்கதவைத் தூக்கித் தலையை உள்ளே விட்டேன். என் ஜோசியத்தைப் பார்க்கலாம் என்றுதான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். புழுதிக் கோடு ஒன்றுகூட இல்லை. கோடை முழுக்கக் கரிசல் ரோட்டில் ஓடின வண்டி, உள்சுவர் சாமி அறை மாதிரி இருக்கிறது. என் அனுபவத்தில் அப்படி ஒரு கூண்டை நான் பார்த்ததில்லை. புழுதிக்கே வழியில்லாத கூண்டில் தண்ணீர் எப்படி வந்தது?

உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் ஆட்டம் கண்டது. அது வெளியே தெரியக் கூடாது என்பதற்காகவே ஒரு கேள்வி கேட்டேன். நனைந்த மூட்டை மேலே நனைந்திருக்கிறதா, பக்கத்திலா என்று. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நனைஞ்சா நனைஞ்சதுதான், அதுல மேல என்ன கீழ என்ன என்று பொரிந்தாள். பொரிந்துகொண்டே ஒரு மூட்டையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள்.

"மேல நனையலண்ணே. ஓரந்தேன். சொட்டுச் சொட்டாவும் விழல. ஊறிக்கிட்டு வருது."

எல்லோரும் ஒழுகுது என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நம் ஆட்கள் ஏணியைத் தூக்கிக் கூண்டின் தலைக்கு ஏறிவிடுவார்கள். ஃபைபர் கூரை ஒரே வார்ப்பு, உடையாமல் அது ஒழுகாது. சந்து இருந்தால் கசியும். இவள் சொன்னது ஊறுது. தண்ணீர் ஊற வேண்டுமென்றால் ஊறுவதற்கு ஒரு பொருள் வேண்டும். ஃபைபரும் ஊறாது, இரும்பும் ஊறாது.

கூண்டும் தொட்டியும் சேருகிற விளிம்பில், உள்பக்கமாக விரலை நுழைத்தேன். சந்தை அடைக்கிற ரப்பர் பட்டை, நாம் பீடிங் என்போமே, அது இருக்க வேண்டிய இடத்தில் ஜில்லென்று ஏதோ தட்டுப்பட்டது. நகத்தால் கிள்ளி இழுத்தேன். துணி. நாலாக மடித்து, ஓரம் தைத்து, சுற்றிலும் ஒரு சுருக்கம் இல்லாமல் வைத்திருந்தார்கள். பிழிந்தால் தண்ணீர் வடிந்தது. பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. வேலையின் சுத்தத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாகவும் இருந்தது.

இதை யார் வைத்தது என்று கேட்டேன். ஏதோ ஊர் ஃபிட்டர் பெயரைச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"நாந்தேன் வச்சேன். எங்க சித்தி வீட்டுத் தறித் துணி. வண்டி வாங்கும்போது உள்ள ஒரே புழுதி, வத்தல் ஏத்துனா மண்ணாப் போகும். இப்பப் பாருங்க, ஒரு பொட்டுப் புழுதி இருக்கா?"

இல்லைதான். அவள் பெருமைப்பட்டதில் தப்பே இல்லை. தறி ஓடுகிற ஊரில் பருத்தித் துணிக்குப் பஞ்சமா? கிளாம்ப்பைத் தளர்த்தி, துணியை மடித்து வைத்து, மறுபடி இறுக்கியிருக்கிறாள். புழுதி நின்றுவிட்டது. புழுதி வராத இடத்தில் தண்ணீர் மட்டும் எப்படி வரும் என்று நம்பியிருக்கிறாள். வருடத்தில் முக்கால்வாசி நாள் புழுதியோடு மல்லுக்கட்டுகிற நம் ஊர்க்காரருக்குத்தான் இந்த எண்ணம் வரும். காப்பி வடிகட்டுகிற துணியை நினைத்துப் பாருங்கள். தூளை நிறுத்திவிட்டுத் தண்ணீரை விடுவதுதானே அதன் வேலை.

இந்த இடத்தில் வாயை எப்படித் திறக்கிறீர்கள் என்பது முக்கியம். ஏற்கெனவே பதறி நிற்கிற ஒருத்தியிடம், நீ வைத்ததால்தான் விதை நனைந்தது என்று சொன்னால் அவள் உங்களோடு சண்டைக்கு நிற்பாள், அல்லது உட்கார்ந்து அழுவாள். இரண்டுமே நேரத்தைத் தின்னும். அதற்காகப் பொய்யும் சொல்லக் கூடாது. நான் துணியை அவள் கையில் கொடுத்தேன்.

"புழுதிக்கு நீ வச்சது சரி, தாயி. தண்ணிக்கு இது திரி."

அவள் அந்தத் துணியைப் பிழிந்து பார்த்தாள். வெளிப்பக்க நுனியையும் உள்பக்க நுனியையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். விளக்குப் போடுகிறவளுக்குத் திரியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முகம் சுண்டிப்போனது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மூட்டையை இறக்கலாமா என்று மட்டும் கேட்டாள்.

பக்கத்துக் கடை ஆட்களையெல்லாம் கூப்பிட்டு மூட்டைகளை ஷெட்டுக்குள் இறக்கினோம். ஈரமான இரண்டு உளுந்து மூட்டைகளை என்ன செய்வது என்று நான் யோசிப்பதற்குள் அவளே முடிவு செய்துவிட்டாள். அதை இங்கேயே விட்டுவிடுகிறேன், அந்த ஈரம் மற்றதில் ஏறக் கூடாது என்றாள். உளுந்தை விரித்துக் காயப்போடச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளையை விட்டுப்போவது போல இருந்திருக்கும். ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

கிளாம்ப்பைக் கழற்றி, ஜாக்கி கொடுத்துக் கூண்டைக் கொஞ்சம் தூக்கி, துணி முழுவதையும் உருவினோம். விளிம்பைத் துடைத்துக் காயவைத்தோம். இப்போது அந்த இடத்தில் எதை வைப்பது? நம்மிடம் அன்று பீடிங் தீர்ந்துபோயிருந்தது. டவுனுக்குள் போய் வாங்கி வர நேரம் இல்லை. காதர் பாய் அவர் கடைக்குப் போனார். கண்ணாடி ஒட்டுவதற்கு வைத்திருக்கிற கருப்புப் பசை நாடா ஒரு சுருளைக் கொண்டுவந்தார். காய வேண்டியதில்லை, அழுத்தினால் அந்த நிமிடமே பிடித்துக்கொள்ளும். பேஸ்ட்டைப் பற்றிப் பேசின வாயை அவர் திரும்பத் திறக்கவில்லை. நானும் கிண்டவில்லை. அவர் அன்று கொண்டுவந்த சுருள் இல்லாவிட்டால் என் கெட்டிக்காரத்தனத்தை வைத்துக்கொண்டு நாக்கைத்தான் வழித்திருக்க வேண்டும்.

ஆனால் சுருளில் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். சுற்று முழுவதற்கும் காணாது. உங்களிடம் அரைகுறைச் சாமான் இருக்கும்போது எல்லா இடத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம் பிரித்துப் போடத்தான் கை போகும். அது பந்தியில் சாம்பார் ஊற்றுகிற நியாயம். தண்ணீருக்கு அந்த நியாயம் தெரியாது. வண்டி மழைக்குள் ஓடும்போது, கேபினுக்கும் கூண்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கில்தான் தண்ணீர் அடித்துக்கொண்டு இறங்கும். அதனால் முன்விளிம்புக்கும் இரண்டு மூலைகளுக்கும் நாடாவை முழுசாகப் போட்டேன். பக்கவாட்டில் தண்ணீர் தானாக வெளியே வழிந்துவிடும், அங்கே சைக்கிள் டியூப்பை நீளமாகக் கிழித்து வைத்துக் கிளாம்ப்பை இறுக்கினேன். பின்பக்கம், தொட்டித் தரையோடு ஒட்டின அடிச் சந்தை அப்படியே திறந்து விட்டேன்.

அதில்தான் காதருக்கும் எனக்கும் மூண்டது. பின்னால் திறந்து கிடக்கிறதே, அதையாவது அடைத்துவிடு என்றார். புழுதி அப்பிக்கொண்டு வரும் என்றார். வரட்டும் என்றேன். அன்றைக்கு நமக்கு எதிரி புழுதி இல்லை. எங்கேயாவது ஒரு சொட்டு வரத்தான் செய்யும், வந்தது வெளியே போக வழி வேண்டும். கண்மாய் கட்டுகிறவன் மிச்சத் தண்ணீர் வழியக் கலுங்கு வைக்காமல் விடுகிறானா? தொட்டியின் தரை வரிவரியாகப் பின்பக்கம் சரிந்திருக்கிறது. அதன் மேல் குறுக்குக் கட்டைகளைப் போட்டு, பலகை பரப்பி, மூட்டைகளை அதன் மேல் ஏற்றினோம். சுவரில் எந்த மூட்டையும் படாமல் சுற்றிலும் ஒரு ஆள் ஒருக்களித்து நுழைகிற இடம் விடச் சொன்னேன். அதனால் அடுக்கு உயர்ந்து கூரையைத் தொடுகிற மாதிரி ஆகிவிட்டது. சோலையம்மாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முடிந்ததும் போய் வா தாயி, இனிப் பயம் இல்லை என்றேன். அவள் கேபின் பக்கம் போகவில்லை. பின்கதவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க சொன்னது எனக்கு வெளங்குதுண்ணே. வெளங்கி என்ன செய்ய? நீங்களும் உள்ள ஏறி வாங்க."

காதர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவள் கேட்டது நியாயம். அவள் ஊரில் அத்தனை வீட்டு வெள்ளாமையும் அந்தக் கூண்டுக்குள் இருக்கிறது. நான் பயம் இல்லை என்று சொன்னது என் வாய், அவ்வளவுதான். சுவருக்கும் மூட்டைக்கும் நடுவில் விட்ட சந்தில் உடம்பைத் திருகிக்கொண்டு முன்பக்கம் வரை போய் உட்கார்ந்தேன். கேபினின் பின்தகரத்தை அவள் அவ்வப்போது தட்டுவது, எல்லாம் காய்ந்து கிடந்தால் நான் ஒரு தட்டுத் தட்டுவது, நனைந்தால் விடாமல் தட்டுவது என்று பேசிக்கொண்டோம். கதவு மூடியது.

அருப்புக்கோட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. வெளியில் இருந்து கேட்கிற மழை வேறு, கூண்டுக்குள் இருந்து கேட்கிற மழை வேறு. தகரக் கொட்டகையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டது போல இருந்தது. நான் செல்போன் வெளிச்சத்தை விளிம்பு விளிம்பாக ஓட்டிக்கொண்டே வந்தேன். அவள் தட்டினாள், நான் ஒரு தட்டுத் தட்டினேன். மறுபடி தட்டினாள், மறுபடி ஒரு தட்டு. வண்டி எங்கே போகிறது என்று தெரியாது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கூண்டு ஒரு முனகு முனகும். உடனே வெளிச்சத்தை மூலைகளுக்குத் திருப்புவேன்.

ஒரு பெரிய பள்ளத்துக்குப் பிறகு இடப்பக்க முன்மூலையில் ஒன்று மினுங்கியது. சொட்டு. விழாமல் அங்கேயே தொங்கியது. அப்புறம் சுவரோடு வழிந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

அந்த நேரம் பார்த்துத் தகரத்தில் தட்டினாள்.

என் தோளில் துண்டு கிடந்தது. கை தானாகத் துண்டுக்குப் போய்விட்டது. அதைச் சுருட்டி அந்த மூலையில் திணித்தால் சொட்டு கண்ணுக்குத் தெரியாது, மனசுக்கு நிம்மதி. கொஞ்ச நேரம் முன்னால் வரைக்கும் துணியைத் திரி என்று சொல்லிக்கொண்டிருந்த ஆள்தான் நான். பதட்டம் வந்தால் கைக்கு மூளை கிடையாது. துண்டை எடுத்துக் கழுத்தில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்தேன். சொட்டு வழிந்து எங்கே போகிறது என்று பார்த்தேன். சுவரோடு இறங்கியது. பலகைக்கு அடியில் நுழைந்தது. தரையின் வரியில் ஓடி, வண்டி ஏறுகிற இடத்தில் வேகமாகவும் இறங்குகிற இடத்தில் நின்று நின்றும், பின்பக்கம் போய்த் திறந்து விட்ட சந்தில் காணாமல் போனது. மூட்டையின் பக்கமே போகவில்லை. கையை எடுத்து ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். அந்த ஒரு தட்டைத் தட்டுவதற்கு எனக்கு அவ்வளவு யோசனை வேண்டியிருந்தது.

இந்த வேலையில் தண்ணீரே வராத கூண்டு என்று எவனாவது சொன்னால் அவனை நம்பாதீர்கள். வருகிற தண்ணீர் எங்கே போகும் என்று தெரிந்து பூட்டுவதுதான் வேலை. இதை நான் கடையில் நின்றுகொண்டு நூறு தடவை சொல்லியிருப்பேன். உள்ளே உட்கார்ந்து பார்க்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய வாக்கு என்று தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. மூடின கூண்டுக்குள் மனிதன் உட்காரக் கூடாது. காற்றோட்டம் இல்லாமல் புழுக்கம் என்னைப் பிழிந்து எடுத்துவிட்டது. என் மூச்சே ஈரமாக விதை மேல் படுமோ என்று பயந்து, வாயைப் பின்சந்துப் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தேன். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்.

வண்டி நின்றது. ஆள் சத்தம் கேட்டது. பின்கதவு தூக்கியதும், சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பெண்களும் ஆண்களுமாக ஒரு கூட்டம் நிற்பது தெரிந்தது. இன்னும் வெளிச்சம் இருந்தது. மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது. நான் சந்தில் இருந்து ஊர்ந்து வெளியே வந்து தொட்டி விளிம்பில் காலைத் தொங்கப்போட்டேன்.

சோலையம்மாள் என்னைப் பார்த்தாள். சட்டை உடம்போடு ஒட்டி, தலைமுடியில் இருந்து நீர் வழிய, குளத்தில் முங்கி எழுந்தவன் மாதிரி இருந்திருக்கிறேன். அவள் கையில் இருந்த சாவி சகதியில் விழுந்தது. அவள் குனியவில்லை.

"போச்சாண்ணே?"

எனக்கு மூச்சு வாங்கியது, உடனே பேச்சு வரவில்லை. அந்த இடைவெளியில் அவள் முகம் பட்ட பாட்டை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

"இது என் வேர்வை, தாயி. மூட்டையத் தொட்டுப் பாரு."

அவள் தொட்டுப் பார்க்கவில்லை. தொடுவதை நம்புகிறவள் இல்லை அவள். உள்ளே ஏறினாள். மேலே இருந்த மூட்டைகளை விட்டுவிட்டு, இடப்பக்க முன்மூலைக்கு நேராக, அடுக்கில் எல்லாவற்றுக்கும் கீழே இருந்த சோள மூட்டையின் தையலைக் கத்தியால் அறுத்தாள். எந்த மூலையில் சொட்டு வந்தது என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை. ஆனாலும் அவள் அந்த மூலைக்குத்தான் போனாள்; பெரிய பள்ளத்தில் வண்டி எந்தப் பக்கம் இறங்கியது என்று ஓட்டினவளுக்குத் தெரியாதா? மூட்டையின் அடி வரைக்கும் கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். ஒரு மணியை எடுத்துப் பல்லுக்கு நடுவில் வைத்தாள். ஈரம் பட்ட சோளம் பல்லில் சப்பென்று நசுங்கும். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

கடுக்கென்று உடைந்தது. அந்த மழைச் சத்தத்திலும் எனக்குக் கேட்டது.

அவள் உடைந்த மணியைத் துப்பவில்லை. மென்றுகொண்டே, சேலைத் தலைப்பால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"எறக்குங்க."

மூட்டைக்கு மேல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக வந்து தோள் கொடுத்தார்கள். மழை விடவில்லை. விடிந்தால் விதைக்கிற மண்ணில் விழுகிற மழை, விடட்டும் என்று அங்கே யாரும் நினைக்கவும் இல்லை.